ஆசிரமத்தின் மீது புகார்: அரசின் எந்தக் கதவை எப்படித் தட்டுவது

"என் மகளை மூளைச்சலவை செய்து ஆசிரமத்தில் வைத்திருக்கிறார்கள்; மீட்டுத் தாருங்கள்." இப்படி எழுதிய மனு காவல் நிலையத்தின் மேசையைத் தாண்டுவது அரிது. மூளைச்சலவை என்றொரு குற்றம் இந்தியச் சட்டத்தில் இல்லை. எந்தப் பிரிவில் பதிவது என்று ஆய்வாளருக்கே தெரியாது. அதே குடும்பம் அதே வேதனையை இப்படி எழுதட்டும்: "மார்ச் 3 முதல் மகளின் கைப்பேசியை வாங்கி வைத்திருக்கிறார்கள். 12ஆம் தேதி பார்க்கப் போனபோது வெளியே வர விடாமல் அறைக்கதவைப் பூட்டினார்கள். 20ஆம் தேதி அவள் பெயரில் இருந்த மனை அறக்கட்டளைக்குத் தானமாகப் பதிவாகியிருக்கிறது." இப்போது மூன்று வெவ்வேறு அலுவலகங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கையேடு அந்த இரண்டாவது மனுவை எழுதுவதற்காக.

ஆசிரமத்தில் சேர்வதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. துறவு நம் மண்ணுக்குப் புதிதில்லை. விரும்பிப் போய் நிம்மதியாக வாழ்கிறவர்கள் ஏராளம். அடைத்து வைத்தல், சொத்தைப் பறித்தல், குழந்தையை வதைத்தல், பாலியல் வன்முறை ஆகியவை நடக்கிற இடங்களைப் பற்றியே பேசுகிறோம். அந்த இடம் இந்து மடமா, ஜெப வீடா, தர்காவை ஒட்டிய விடுதியா, யோகப் பயிற்சி மையமா என்பதால் வழிமுறை மாறாது.

அரசு எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகிய மூன்றுக்கும் அது உட்பட்டது. 26ஆவது பிரிவு ஒரு சமயப் பிரிவு தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ள உரிமை தருகிறது. சொத்தை நிர்வகிப்பது மட்டும் சட்டப்படி நடக்க வேண்டும். சமயக் காரியத்துக்கும் சொத்து நிர்வாகத்துக்கும் நடுவே இந்த எல்லைக்கோட்டை உச்ச நீதிமன்றம் வரைந்தது 1954-இல், அன்றைய சென்னை மாகாண அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில். ஆரோவில்லை அரசு தற்காலிகமாகத் தன் நிர்வாகத்தில் எடுக்க 1980-இல் சட்டம் கொண்டுவந்ததும், 1982-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றதும் இதே கோட்டின் தொடர்ச்சி. பணமும் நிர்வாகமும் சீர்கெட்டால் அரசு கைவைக்கலாம். போதனையில் கைவைக்க முடியாது. 1983-இல் ஆனந்த மார்க்கம் என்ற அமைப்பினர் மண்டையோடும் கத்தியும் ஏந்திப் பொதுவீதியில் தாண்டவம் ஆட உரிமை கேட்டபோது, அமைப்பு சமயப் பிரிவுதான், ஆனால் வீதித் தாண்டவம் அதன் இன்றியமையாத பகுதி இல்லை என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது.

சில நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. பிரான்ஸ் 2001-இல் ஒருவரை உளவியல் அடிமைத்தனத்துக்குக் கொண்டுவந்து சுரண்டுவதைக் குற்றமாக்கியது. 2024-இல் அந்த நிலைக்குத் தள்ளுவதையே தனிக் குற்றமாக விரித்தது. அதே பிரான்ஸ் 1995-இல் நாடாளுமன்ற அறிக்கையில் 173 அமைப்புகளின் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலை இனி ஆதாரமாகக் கொள்ளாதீர்கள் என்று 2005-இல் தன் அதிகாரிகளுக்கே சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு வீசியபின் அதன் மதநிறுவனத் தகுதி பறிக்கப்பட்டது. 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக் கொன்றவர் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்பின் மீதான கோபத்தைக் காரணமாகச் சொன்னபின், அந்த அமைப்பைக் கலைக்கும்படி அரசு மனுச் செய்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அப்படியே உத்தரவிட்டது. இவை தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் இவற்றை மேற்கோள் காட்டி இங்கே மனு எழுதினால் ஒரு வரியும் உதவாது. மகாராஷ்டிரத்தில் 2013 முதலும் கர்நாடகத்தில் 2017-இன் சட்டப்படியும் மாந்திரீகக் கொடுமைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. நம்மிடம் இருப்பவை பொதுச் சட்டங்கள் மட்டுமே. அவற்றைத் துண்டு துண்டாக, சரியான இடத்தில் பயன்படுத்தத் தெரிந்தால் அவையே போதுமான அளவு கூர்மையானவை.

முதலில் வயது

உள்ளே இருப்பவருக்கு 18 நிரம்பிவிட்டதா? இந்த ஒரு கேள்வியில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. பிறப்புச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றின் நகலைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

18 நிரம்பாத பிள்ளை என்றால் அவர்களுடைய சம்மதம், பெற்றோரில் ஒருவரின் சம்மதம், குருவின் ஆசி எதுவும் அரசைத் தடுக்காது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்; எழுத்து மூலமான மனுவை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும், நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கொடுங்கள். நீங்கள் உறவினராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மனுவில் குழந்தையின் பெயர், வயது, எந்தக் கட்டடம், கடைசியாக யார் எப்போது பார்த்தார், என்ன காயம் அல்லது என்ன வேலை, பள்ளிக்குப் போகிறதா என்ற ஆறும் இருக்கட்டும்.

விடுதி நடத்துகிற ஆசிரமம் என்றால் உரிமங்களைக் கேளுங்கள். ஆதரவற்ற அல்லது பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம் எதுவாக இருந்தாலும் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41ஆவது பிரிவில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் நடத்தினால் 42ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். "எங்கள் குருகுலம் பள்ளி இல்லை, இல்லமும் இல்லை" என்ற பதில் அடிக்கடி வரும். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்வி உரிமை குருகுல வாசலில் நின்றுவிடுவதில்லை. முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் போனால், சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு என்று கேள்விகள் தாமாக வரும். உரிமம் பற்றிய புகார் சின்னதாகத் தோன்றும். ஆனால் அதிகாரி உள்ளே காலடி வைக்க அது போதும். நேரில் பார்த்த பிறகு அவரால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

பாலியல் வன்கொடுமை என்று தெரிந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பது 21ஆவது பிரிவில் குற்றம். நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறை. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் செய்த குற்றத்தை அந்தச் சட்டம் கடுமை கூடியதாகவே வகைப்படுத்துகிறது. நாள் கடந்துவிட்டது என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, காலவரம்பு இல்லை.

இந்த இடத்தில் இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2008-இல் அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு மதக் குழுவின் பண்ணையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு மொத்தமாக எடுத்துச் சென்றது. காரணமாக இருந்த தொலைபேசி அழைப்பே போலி. ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன ஆபத்து என்று அரசால் காட்ட முடியவில்லை. இரண்டு மாதத்துக்குள் மாநில உச்ச நீதிமன்றம் மொத்தமாக எடுத்துச் சென்றது செல்லாது என்றது. அதே குழுவின் தலைவருக்கு 2011-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது, குறிப்பிட்ட சிறுமிகளுக்கு நடந்ததைக் காட்டும் ஆதாரத்தால்.

நம் பக்கத்தில் பிரேமானந்தா வழக்கு. 1983 வன்முறைக்குப்பின் இலங்கையிலிருந்து வந்து, விராலிமலை அருகே ஆசிரமம் நடத்தியவர். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் என்ற பெயரில் அது வளர்ந்தது. தப்பி வந்த பெண்கள் பேசியதால் 1994-இல் கைதானார். புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கைத் தாங்கி நின்றது பெண்களின் சாட்சியமும் ஹைதராபாத்தில் செய்த மரபணுச் சோதனையும். போதனை சரியா, விபூதி வரவழைத்தது மெய்யா என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தால் வழக்கு எங்கும் போயிருக்காது.

18 நிரம்பியவர் என்றால்

இங்கே பெற்றோர் மனம் ஒடிவது அதிகம், அதனால் ஒளிக்காமல் சொல்கிறோம். வயது வந்தவர் தன் விருப்பத்தோடு இருக்கிறேன் என்று நீதிபதி முன் சொல்லிவிட்டால், அந்த விருப்பம் எப்படி உருவானது என்று நீதிமன்றம் பொதுவாகத் தோண்டாது. 2018-இல் கேரளப் பெண் ஒருவரின் மதமாற்றம், திருமணம் பற்றிய வழக்கில், பெற்றோரின் அக்கறையைக் காரணம் காட்டி வயது வந்த பெண்ணின் முடிவை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது.

தொடக்கத்திலேயே நடக்கும் பிழை, இருக்குமிடம் தெரிந்தும் "காணவில்லை" என்று புகார் கொடுப்பது. காவலர் ஆசிரமத்துக்குப் போவார், உங்கள் மகன் "நான் விரும்பித்தான் வந்தேன்" என்று நிர்வாகியின் முன்னிலையில் எழுதிக் கொடுப்பார், புகார் முடிந்தது. அதன்பின் நீங்கள் எந்த மனு போட்டாலும் அந்தத் தாள் முதலில் எடுத்து நீட்டப்படும். இருக்குமிடம் தெரிந்தால் மனுவில் அதைச் சொல்லி, நிறுவனத்தார் யாரும் இல்லாத இடத்தில், முடிந்தால் வளாகத்துக்கு வெளியே விசாரிக்கும்படி கேளுங்கள். ஒரே வரிதான், பெரும்பாலான மனுக்களில் அது இருப்பதில்லை.

அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் உடனே உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 100ஆவது பிரிவில், சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேட, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரோ கோட்டாட்சியரோ ஆட்சியரோ சோதனை வாரண்டு பிறப்பிக்கலாம். கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. அலுவலகம் பல ஊர்களில் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. இந்த வழியை அறிந்த வக்கீல்கள்கூடக் குறைவு. பெயர் சொல்லிக் கேளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்த ஆள், "வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்" என்று வந்த செய்தி, அங்கிருந்து வெளியேறிய ஒருவரின் வாக்குமூலம் ஆகியவற்றில் ஒன்றாவது இணைப்பாக இருக்க வேண்டும்.

அடைபட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு அடுத்தது. அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்திலோ, தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையிலோ போட வேண்டும். பெற்றோர், கணவர், மனைவி, நண்பர் யாரும் போடலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் போடலாம். முன்னேற்பாடு இது: காவல் நிலையத்தில் எழுத்து மனு, அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது; பலனில்லையென்றால் அதே மனு எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். பிறகே உயர் நீதிமன்றம். அபிடவிட்டில் இந்த இரண்டுக்கும் தேதி இல்லையென்றால், "காவல்துறையை அணுகினீர்களா" என்பதே முதல் கேள்வியாகிவிடும். எதிர்மனுதாரர்களாகக் காவல் அதிகாரிகளோடு நிறுவனத்தின் தலைவரையும் சேர்க்க மறக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 அதன் எண். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

அந்த மனு எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு 2024-இன் ஈஷா யோக மைய வழக்கு தெளிவான பாடம். இரண்டு மகள்களுக்காகத் தந்தை போட்ட ஆட்கொணர்வு மனுவில், சென்னை உயர் நீதிமன்றம் மையத்தின் மீதான எல்லாக் குற்ற வழக்குகளின் விவரத்தையும் கேட்டது. மறுநாளே பெரும் போலீஸ் படை வளாகத்துக்குள் போனது. சில நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்து, வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொண்டு, நீதிபதிகள் அந்தப் பெண்களிடம் நேரடியாகப் பேசினார்கள். இருவரும் வயது வந்தவர்கள், விரும்பியே இருக்கிறார்கள் என்று கண்டு அக்டோபர் 18-இல் மனுவை முடித்துவைத்தார்கள். பெண்கள் தங்கள் விருப்பத்தைச் சொன்ன பிறகு வழக்கின் எல்லையை விரித்திருக்கத் தேவையில்லை என்றும், மற்ற ஒழுங்குமுறை விஷயங்களுக்கு இந்த உத்தரவு தடையாகாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஆக, ஆட்கொணர்வு மனு ஓர் ஆளைப் பற்றியது. நிலம், கட்டட அனுமதி, கணக்கு, மருத்துவம் எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் ஆள் "நலமாக இருக்கிறேன்" என்று சொன்ன நொடியில் எல்லாம் சேர்ந்தே விழும். ஒவ்வொன்றையும் அதற்குரிய அலுவலகத்தில் தனித்தனியாகக் கொடுங்கள்.

ஆட்களைக் கூட்டிப் போய்த் தூக்கி வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். வயது வந்த மகனை வீட்டில் பூட்டி வைப்பது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 127ஆவது பிரிவில் சட்டவிரோதமாக அடைத்து வைத்தல். பெற்றோர் என்பது விலக்கு ஆகாது. ஜப்பானில் யூனிஃபிகேஷன் சர்ச் உறுப்பினர் ஒருவரைக் குடும்பத்தார் 12 ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்து மனம் மாற்றப் பார்த்தார்கள். அவர் மாறவில்லை, கடைசியில் குடும்பத்தாரே அவருக்கு நட்டஈடு தரும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொத்து: மூன்று வருடக் கடிகாரம்

குடும்பங்கள் தோற்றுப்போகிறோம் என்று நினைத்து விட்டுவிடுகிற இடம் இது. உண்மையில் சட்டம் இங்கேதான் வலுவாக நிற்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தகாத செல்வாக்கு என்று ஒன்றைச் சொல்கிறது. ஒருவர் மற்றவரின் மனத்தை ஆளும் நிலையில் இருந்து, அதைக்கொண்டு நியாயமில்லாத பலன் அடைந்தால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யலாம். 1890-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் முதல் உதாரணம்: மறுமையில் நற்கதி கிடைக்கும் என்று நம்பி ஒரு முதியவர் தன் சொத்தைக் குருவுக்கு எழுதிவைத்தார், தானம் ரத்தானது. குரு-சீடர் போன்ற நம்பிக்கை உறவில், பரிமாற்றம் நேர்மையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு பலன் அடைந்தவர் தலையில் விழும். இது புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய சட்டத்தின் 114ஆவது பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 111.

செய்ய வேண்டியது: பதிவுத் துறை இணையதளத்தில் சொத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுங்கள். தானம், விற்பனை, பொது அதிகாரப் பத்திரம் எது பதிவாகியிருந்தாலும் அதன் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள். இரண்டு சாட்சிகளும் ஆசிரம ஊழியர்கள், பத்திரம் தயாரித்த வக்கீல் ஆசிரமத்தின் வக்கீல், எழுதிக்கொடுத்தவருக்குத் தனி ஆலோசனை கிடைக்கவில்லை என்றால் உங்கள் வழக்கின் பாதி அந்தத் தாளிலேயே இருக்கிறது. ரத்துச் செய்யக் கோரும் உரிமையியல் வழக்குக்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலம். "பிள்ளை திரும்பி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தாண்டுகிறவர்கள் ஏராளம். வழக்குப் போட வேண்டியவர் எழுதிக்கொடுத்தவர்தான் என்பதையும் மனத்தில் வையுங்கள். அவர் உள்ளேயே, உறுதியாக இருக்கும்வரை குடும்பத்தால் செய்யக்கூடியது குறைவு. ஒரு விலக்கு உண்டு: பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிரிக்கப்படாத தன் பங்கை ஒருவர் மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றித் தானம் செய்ய முடியாது. அப்படிப்பட்ட தானத்தைப் பங்காளிகளே எதிர்க்கலாம்.

எழுதிக்கொடுத்தவர் 60 வயது கடந்தவரா? "கடைசிவரை பார்த்துக்கொள்வோம்" என்ற நிபந்தனையில் வாங்கிப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாதென்று அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வேலை சுலபம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-இல் வழிகாட்டுவார்கள்.

ரொக்க நன்கொடைக்கு ரசீது கேளுங்கள். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பரிகாரம் என்றும் பலன் என்றும் பொய்யாக நம்பவைத்துப் பணம் பறித்தது பி.என்.எஸ். 318ஆவது பிரிவில் மோசடி, 7 ஆண்டு வரை சிறை. "கொடுக்காவிட்டால் தெய்வக் குற்றம் வரும்" என்று பயமுறுத்திச் செய்யவைத்ததற்கென்றே 354ஆவது பிரிவு இருக்கிறது; ஓராண்டு வரை சிறை. ஆனால் நடுவர் உத்தரவில்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாத வகைக் குற்றம் அது. தனியாகப் போட்டால் நகராது. 318-ஓடு சேர்த்துக் கேளுங்கள்.

வன்முறை நடந்திருந்தால்

நம்பிக்கைக்குரிய நிலையில் அல்லது அதிகார நிலையில் இருப்பவர் செய்யும் பாலியல் வல்லுறவுக்கு பி.என்.எஸ். 64ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் குறைந்தது 10 ஆண்டு. குரு, மேய்ப்பர், பயிற்சியாளர் எல்லாரும் அதற்குள் வரக்கூடியவர்கள். எஃப்.ஐ.ஆர். போட ஆசிரமம் இருக்கும் ஊர்க் காவல் நிலையத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. பி.என்.எஸ்.எஸ். 173ஆவது பிரிவுப்படி எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், மின்னணு வழியில் அனுப்பி 3 நாளுக்குள் கையெழுத்திடலாம், நகல் இலவசம். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வடநாட்டுச் சாமியார் ஆசாராமின் வழக்கு சாட்சி. குற்றம் நடந்தது ஜோத்பூரில், சிறுமியின் ஊர் உத்தரப் பிரதேசத்தில், எஃப்.ஐ.ஆர். பதிவானது 2013-இல் டெல்லியில். செல்வாக்கு எட்டாத நிலையத்தில் பதிவாகி, அங்கிருந்து மாற்றப்பட்ட அந்த வழக்கில் 2018-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில், அவரும் அசையவில்லை என்றால் 175ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் நடுவர் முன் அபிடவிட்டோடு மனு. வரிசையை மாற்றினால் மனு திரும்பும்.

அதே ஆசாராம் வழக்குகளில் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள், கொல்லவும் பட்டார்கள். அங்கிருந்துதான் 2018-இன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். காவல்துறை 5 வேலை நாளில் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். மிரட்டல் அழைப்பு வந்த அன்றே மனுப் போடுங்கள். குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மனநோய்க்குப் பரிகாரம் என்று சங்கிலி போட்டு வைத்திருக்கும் இடமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு விடுதி தீப்பற்றியபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். ஓடத் தெரிந்தும் ஓட முடியாமல் இறந்தவர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 95ஆவது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது; பதிவில்லாமல் மனநல இல்லம் நடத்தவும் கூடாது. ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் படத்தோடு மனுக் கொடுங்கள், நகல் மாநில மனநல ஆணையத்துக்கு. புற்றுநோயையும் நீரிழிவையும் தீர்ப்போம் என்று விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டு மந்திர மருந்து விளம்பரச் சட்டம் இருக்கிறது.

கோப்பு எப்படி இருக்க வேண்டும்

ஒரு நோட்டு. நான்கு பத்தி: தேதி, என்ன நடந்தது, யார் பார்த்தார், என்ன சான்று. உங்கள் ஊகம், கோபம், குருவின் போதனை பற்றிய கருத்து எதுவும் அதில் வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரிகளைத்தான் முதலில் படித்துக் காட்டி, இது மதவெறுப்புப் புகார் என்பார்.

வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்தி வந்த கைப்பேசியை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாக்ஷிய சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதி சாதனம் வைத்திருப்பவர் கையெழுத்திடுவது, மறுபகுதி நிபுணர் கையெழுத்திடுவது. கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டால் நல்ல ஆதாரமும் கெடும்.

வெளியே வந்தவர்களைத் தேடுங்கள். உள்ளே எந்தக் கதவு எப்போது பூட்டப்படும், கையெழுத்துத் தாள்கள் எங்கே வாங்கப்படும், மருந்து யார் தருகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரே நிகழ்வைத் தொடர்பில்லாத இருவர் சொல்வது பத்துப் பேரின் பொதுவான குற்றச்சாட்டைவிடக் கனமானது. அவர்களைச் சந்திக்க வைத்துக் கதையைப் "பொருத்திக்" கொடுக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது நொறுங்கும்.

நிறுவனத்தின் தாள்களும் வேண்டும். அறக்கட்டளையா, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சங்கம் என்றால் நிர்வாகிகள் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்க வேண்டும். பொது அறக்கட்டளை என்றால் அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். வெளிநாட்டுப் பணம் வருகிறது என்றால் உள்துறை அமைச்சகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் நடக்கும்போது உள்ளே இருப்பவரோடு பேச்சை அறுக்காதீர்கள். வழக்குப் போட்டிருக்கிறோம் என்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். குருவைத் திட்டவும் வேண்டாம். பிறந்தநாளுக்கு ஓர் அழைப்பு, பொங்கலுக்கு ஒரு கடிதம், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி எல்லாம் போய்க்கொண்டே இருக்கட்டும். எண் தடுக்கப்பட்டால் பதிவுத் தபாலில். திருப்பி அனுப்பப்பட்ட உறையைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள், அதுவும் சான்று. வீட்டுத் தொலைபேசி எண்ணை மாற்றாதீர்கள். ஆதார், சான்றிதழ்களின் நகல்களை ஒரு பையில் எடுத்து வையுங்கள். அசல்கள் பெரும்பாலும் ஆசிரமத்தின் அலமாரியில் இருக்கும். நள்ளிரவில் ஏதோ ஒரு பேருந்து நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், எதற்குப் போனாய் என்று கேட்காமல், எங்கே நிற்கிறாய் என்று கேளுங்கள். மறுநாள் காலை முதல் வேலை அரசு மருத்துவமனையில் பரிசோதனை, அடுத்தது வங்கிக் கணக்கில் பணப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லும் கடிதம், அதன்பின் அவர் தயாரானபோது வாக்குமூலம்.